உருண்டை டப்பாவில் கற்கண்டு

786

தர்மபுரி
18-1-1969

மதிப்பும் பாசமும் உள்ள அக்கா ஜான் பீ அவர்களுக்கு, தம்பி தஸ்தகீர் ஸலாம் சொல்லி எழுதுவது.

தாவூது இதை உங்களுக்குப் படித்துக் காட்டும்போது டீக்கடையைச் சாத்திவிட்டு உட்காரட்டும். போன கடிதத்தைப் பாதி படிக்கும்போது ரயில் வந்துவிட்டது என்று ஓடினானாம். மீதியை நீங்கள் மறுநாள்தான் கேட்டதாகச் சொன்னீர்கள்.

இங்கே வஹிதாவுக்கு மட்டும் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல் இருந்தது. ஆஸ்பத்திரி லேடி டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு, பேரீச்சம்பழம் சாப்பிடம்மா என்றார். பேரீச்சம்பழ வியாபாரியின் பெண்டாட்டிக்கு இந்த வைத்தியம் என்று அங்கே எல்லோருக்கும் சிரிப்பு. ஆனால் இவளுக்கு அது பல்லில் ஒட்டுகிறது, திகட்டுகிறது. அடுப்புப் பக்கம் போனால் புகைக்கு இருமல் வேறு.

மகள் ஷகிலா ஒரு வழி கண்டுபிடித்தாள். நோன்புக்கு வாங்கி மீந்துபோன பழம் நான்கு மூட்டை கிடக்கிறது அல்லவா, அதில் கொட்டை நீக்கி உரலில் இடித்தாள். கடையில் வறுத்து வைத்திருந்த நிலக்கடலையைத் தோல் ஊதி ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டாள். வெயிலில் காய்ந்த வெள்ளை எள், உலர்ந்த திராட்சை, ஒரு சிட்டிகை ஏலக்காய். திகட்டாமல் இருக்க, கோடையில் உலர்த்தி வைத்த மாம்பழத் துண்டைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தாள். அடுப்பு இல்லை, பாகு இல்லை, எண்ணெய் இல்லை. உருட்டினாள், அவ்வளவுதான். மூன்று வாரமாக வஹிதா காலையில் இரண்டு, மாலையில் இரண்டு சாப்பிடுகிறாள். இப்போது மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறாள்.

இது விலைபோகும் சரக்கு என்று எனக்குப் படுகிறது. நானே ஒரு தடவை செய்து பார்த்தேன். கடலை மலிவு என்று பாதிக்குப் பாதி போட்டேன். உருட்ட உருட்ட உதிர்ந்து மண்ணாகிவிட்டது. ஷகிலா எட்டிப் பார்த்து, "பழம் புடிச்சுக்கும் அத்தா, கடலை புடிச்சுக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ் கண்டக்டர் காளியப்பனிடம் ஒரு டப்பாவில் ஐம்பது உருண்டை கொடுத்தனுப்புகிறேன். தாவூது ஸ்டேஷன் வாசலில் வைத்து விற்றுப் பார்க்கட்டும். எத்தனை நாள் தாங்குகிறது, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதவும். ஈரக் கையால் தொட வேண்டாம். தண்ணீர் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பெருநாளைக்கு வந்தபோது ஷகிலாவை தாவூதுக்குக் கேட்டீர்கள். மறக்கவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

தங்கள் தம்பி
தஸ்தகீர்


786

பொம்மிடி
22-1-1969

அருமைத் தம்பி தஸ்தகீருக்கு அக்கா ஜான் பீ துவா சொல்லி, தாவூது கையால் எழுதுவது.

உன் டப்பா வந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேலே பச்சைத் தாளில் ஒரு கைப்பிடி கற்கண்டு, அடியில் பேரீச்சம்பழ உருண்டை. பெண் வீட்டிலிருந்து கற்கண்டும் பேரீச்சம்பழமும் வந்தால் சம்மதம் என்பது நம் வழக்கம். இதை எனக்கு நீ சொல்லித்தர வேண்டுமா? அத்தா காலத்தில் என் சம்மதமும் இப்படித்தான் போயிற்று. கடிதத்தில் எத்தனை நாள் தாங்கும், பூஞ்சை பிடிக்கும் என்று எதையோ எழுதிவிட்டு, சொல்ல வேண்டியதை டப்பாவில் வைத்திருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு நல்ல வார்த்தை வாயால் வராது.

உருண்டையை விற்கவில்லை. நிச்சயத்துக்கு வந்த பண்டத்தை விற்பார்களா? தெரு முழுக்க வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு நான்கு. பக்கத்து வீட்டு காசியம்மாள் டீச்சர், "என்னங்கம்மா, பாகு வெக்காம எப்படிங்க புடிச்சுது?" என்று கேட்டார். என் மருமகளின் கைராசி என்றேன்.

பக்ரீத் முடிந்து பத்து நாளில் நாள் குறிக்கலாமா? வஹிதாவின் உடம்பு தேறியதில் எனக்குப் பெரிய நிம்மதி.

இப்படிக்கு
ஜான் பீ

பி.கு. மாமாவுக்கு தாவூது ஸலாம். அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.


786

தர்மபுரி
26-1-1969

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். கற்கண்டு என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டேன். பிறகு முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அக்கா, நான் கற்கண்டு வைக்கவில்லை. அல்லா அறிய, ஐம்பது உருண்டை அனுப்பினேன், அதுவும் மாதிரிக்கு. என் கடையில் கற்கண்டு இருக்கிறது, பச்சைத் தாளும் இருக்கிறது, அது ஊருக்கே தெரியும். ஆனால் நான் வைக்கவில்லை.

வஹிதாவைக் கேட்டேன். "எனக்கு எழுந்து நிக்கவே சக்தியில்ல, நான் எங்க டப்பாகிட்ட போனேன்?" என்கிறாள். நேற்றுத்தான் மாடியில் மிளகாய் உலர்த்திவிட்டு வந்தாள். ஷகிலாவைக் கேட்டேன்.

"டப்பாவ அடுக்குனது யாரும்மா?"

"நான்தான் அத்தா."

"கற்கண்டு வெச்சியா?"

"அம்பது உருண்டைங்க. எண்ணிட்டுத்தான் மூடுனேன்."

நான் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. காளியப்பனைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். "பாய், இருவது வருசமா கல்யாணச் சீரே கொண்டுபோறேன், ஒரு மூடியத் தொட்டதில்லீங்க" என்று கோபித்துக்கொண்டான். இனி என் பார்சலை எடுப்பானா என்பதே சந்தேகம்.

எப்படி வந்தது என்று தெரியாத சரக்குக்கு நான் பொறுப்பேற்க முடியாது. நாள் குறிப்பதை நிறுத்தி வையுங்கள்.

ஏன் தயங்குகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துக் காட்டப்போவது தாவூதுதான். தாவூது, ஒரு எழுத்து விடாமல் படி. உன் குணத்தில் குறையில்லை. ஆனால் உனக்கு வியாபாரம் தெரியாது. ரயில் வந்தால் எழுகிறாய், போனால் பெஞ்சில் படுக்கிறாய். எட்டு வருஷமாக அதே பாய்லர், அதே ஒரு பெஞ்சு. நான் பஸ் ஸ்டாண்டில் தலைமேல் கூடை வைத்துப் பழம் விற்றவன். எட்டாவது வருஷம் கடை பிடித்தேன். மகளை ஒரு பெஞ்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா. சரி என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது என் பெயரில் யாரோ பதில் அனுப்பியிருக்கிறார்கள். அதுதான் குழப்பம்.

என்மேல் வருத்தப்பட வேண்டாம்.

தம்பி
தஸ்தகீர்


பொம்மிடி
1-2-1969

தம்பி தஸ்தகீருக்கு, ஜான் பீ சொல்ல, பக்கத்து வீட்டு காசியம்மாள் டீச்சர் எழுதுவது. இந்தக் கடிதத்தை தாவூதை எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்று கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படித்தான். நீ சொன்னபடி ஒரு எழுத்து விடவில்லை. விட்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? பெஞ்சு என்ற இடம் வந்தபோது தண்ணீர் குடித்தான். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்தே படித்தான். முடித்துக் கடிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, "கற்கண்டு நான் வெச்சதும்மா" என்றான்.

பஸ்ஸிலிருந்து டப்பாவை வாங்கியதும், தெருமுனை முனியப்பன் கடையில் கற்கண்டு வாங்கி மேலே வைத்தானாம். "ஏன்டா?" என்று கேட்டேன். "மாமா எப்பவும் யோசிச்சு எழுதறேன்னுதான எழுதறாரு" என்றான். சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டான். நான் அவனோடு பேசி நான்கு நாளாகிறது.

உன்னைச் சந்தேகப்பட்டு எதுவும் சொல்லவில்லை, உன்னைப் புகழ்ந்துதான் தெரு முழுக்கப் பேசினேன். இப்போது அத்தனை வீட்டுக்கும் மறுபடியும் போய், நிச்சயம் ஆகவில்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் மட்டும், "அது போவட்டுங்க, அந்த உருண்டை மறுபடி வருமா?" என்றது.

திருட்டுத்தனமாகப் பெண் கேட்ட வீடு என்ற பேர் எனக்கு வேண்டாம். ஷகிலாவை நான் கேட்டதை நீ மறந்துவிடு. நல்ல இடமாகப் பார். இந்தப் பக்ரீதுக்கு நான் தர்மபுரி வரவில்லை. அடுத்த பெருநாளுக்கும் வருவேனா என்று தெரியவில்லை. கோபம் இல்லை. வஹிதா முகத்தைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

ஜான் பீ

டீச்சர் குறிப்பு: அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.


786

தர்மபுரி
6-2-1969

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யார் படித்துக் காட்டினாலும் சரி. டீச்சரே படித்தால், அந்த அம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து மனதுக்குள்ளேயே படித்தேன். மனசு கேட்கவில்லை. அந்த நேரத்தில் உங்கள் தெருமுனை முனியப்பனே சரக்கெடுக்க வந்து நின்றான். என்னப்பா வேண்டும் என்றேன்.

"கற்கண்டு வேணுங்க பாய். பொங்கலோட தீந்துபோச்சு. மூணு வாரமா கேக்கறவங்களுக்கு இல்லை இல்லைன்னே சொல்லிட்டிருக்கேன்."

அக்கா, டப்பா உங்களுக்கு வந்த அன்று முனியப்பன் கடையில் கற்கண்டே இல்லை. தாவூது பொய் சொல்லியிருக்கிறான். வைக்காததை வைத்தேன் என்று சொல்லியிருக்கிறான். வைத்துவிட்டு இல்லை என்பவர்களைத்தான் நான் இத்தனை வருஷ வியாபாரத்தில் பார்த்திருக்கிறேன். இது எனக்குப் புதுசு.

வீட்டுக்குப் போய் இருவரையும் உட்காரவைத்து, தாவூது பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான், அக்கா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள் என்றேன். உடனே வஹிதா, "நான்தாங்க வெச்சேன்" என்றாள். அவள் முடிப்பதற்குள் ஷகிலா, "அம்மா சும்மா சொல்றாங்க அத்தா, நான் வெச்சேன்" என்றாள். சரி, எந்தத் தாளில் வைத்தீர்கள் என்று தனித்தனியாக மடக்கினேன். இருவரும் பச்சைத் தாள் என்றார்கள். உங்கள் முதல் கடிதத்தைக் கூடத்தில் நின்று கத்திப் படித்த புத்திசாலி நான்தானே.

ஆக, ஒரு கைப்பிடி கற்கண்டை மூன்று பேர் வைத்திருக்கிறார்கள். பத்து நாள் முன்பு ஒருவரும் வைக்கவில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. ஷகிலாவைப் பார்த்து, "கடைசியாக் கேக்கறேன், யாரும்மா வெச்சது?" என்றேன்.

"வெக்க வேண்டியவரு நீங்க. நீங்க வெக்கல. அதான் ஆளாளுக்கு வெக்கறாங்க" என்றாள்.

அந்தப் பேச்சுக்கு அறைந்திருக்க வேண்டும். கை எழவில்லை. "அவனுக்கு வியாபாரம் தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

"அவருக்குத் தெரியாட்டிப் போவுது, எனக்குத் தெரியும். அங்க ரயிலு நிக்குது அத்தா. நம்ம கடை முன்னாடி எருமைதான் நிக்குது. பசியோட எறங்கறவங்களுக்கு டீ இருக்குது, கடிச்சுக்க ஒண்ணுமில்ல. பெஞ்சு ஒண்ணுதான்னா ரெண்டாவது நான் போடறேன்."

அக்கா, இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையை மட்டும் தராசில் வைத்தேன். மகளை வைக்கவே இல்லை. எத்தனையோ பேரிடம் ஏமாறாமல் வந்தவன், வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி ஒருவன் அப்படி எழுதி, அதை என் தாய்க்கு நானே படிக்க வேண்டும் என்றால், பாதியை விழுங்கியிருப்பேன். பெஞ்சையும் பாய்லரையும் நிச்சயம் விழுங்கியிருப்பேன். தாவூது தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தான் என்று எழுதினீர்களே, அந்த வரியிலிருந்து நகர என்னால் முடியவில்லை. அவன் என்ன மாதிரி ஆள் என்று எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. ஆனால் என் மகளை இப்படி ஒருவனுக்குக் கொடுக்கலாம் என்பது மட்டும் விளங்கிவிட்டது.

அதனால் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நானும் வஹிதாவும் வருகிறோம். டப்பா எதுவும் கொண்டுவரவில்லை. இந்த மாதிரி விஷயத்தைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பக் கூடாது. நீங்கள் போய் இல்லை என்று சொன்ன வீடுகளுக்கெல்லாம் நானும் கூட வந்து, உண்டு என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் முதலில்.

என்மேல் கோபம் இருந்தால் கதவைத் திறக்க வேண்டாம். தாவூது கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடியும் வந்து தட்டுகிறேன். அதுவரை நீங்கள் சாப்பிடாமல் இருக்க வேண்டாம்.

தம்பி
தஸ்தகீர்