வலது கைப்பிடி

பிச்சாட்டூர்,
சனிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

கன்னிகா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீங்களாவது வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் கூப்பிட்டால் அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியதை அதில் எப்படிச் சொல்வது? நம் ஊர் உதயா அண்ணன் லீவு முடிந்து நாளை ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தீனா திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்ந்து இன்றோடு பதினோரு நாள். வண்டி கவிழ்ந்த அன்றைக்கு முதலில் புத்தூருக்குத்தான் கொண்டுபோனோம். எலும்புக்குக் கட்டுக் கட்டுகிறவர் முதுகைத் தொட்டுப் பார்த்தார். இது எலும்பு மட்டும் இல்லம்மா, நேரா திருப்பதிக்கு ஓடுங்க என்று ஆட்டோவை விட்டு இறக்கவே விடவில்லை. இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்ச்சி வரவில்லை. வரும் என்றும் டாக்டர் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. நேற்று கஞ்சி ஊட்டும்போது, காலு எங்கயோ கீது அண்ணி, தேடிக்கினு கீறேன் என்று சிரித்தான். உங்கள் தம்பிக்கு இப்போதும் வாய் குறையவில்லை. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

வேர்க்கடலை பிடுங்க ஆள் சொல்லியிருந்தோம், யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மழையில் அப்படியே முளைக்கிறது. ரக்ஷிதா பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். சித்தப்பா எப்போ வருவான் என்று தினம் கேட்கிறாள்.

வேங்கடாசலம் ஐயா இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தார். நமக்கு அந்த நாலு சக்கர குவாட் வண்டியை விற்றவர்தான். சந்திரகிரி பக்கம் பிள்ளைகளுக்கு சவாரி விட்டுக்கொண்டிருந்து, முடியாமல் இடத்தை மூடிவிட்டுக் கடைசியாக இருந்த அந்த ஒரு வண்டியை நமக்குக் கொடுத்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்திருந்தார். அத்தை பையைப் பிடுங்கி வராந்தாவில் எறிந்தார்கள். அந்த மனிதர் குனிந்து பொறுக்கினார். உங்கள் சித்தப்பா ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார். ஆக்சிலேட்டர் இறுகிப்போன ஓட்டை வண்டியை ஏமாற்றி விற்றுவிட்டார் என்று புகார். திங்கட்கிழமை என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாங்கும்போதே இறுகலாகத்தான் இருந்தது, அவர்தான் ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்றார், இப்படிச் சொல்லு என்று நீங்களும் வியாழக்கிழமை போனில் சொன்னீர்கள். நான் உம் கொட்டினேன்.

மாமா, அது இறுகலாக இல்லை. நாள் பூராவும் அங்கே மணலில் குவாட் வண்டி பழுது பார்க்கிறவர் நீங்கள். ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை சவாரி விடலாம், இளவட்டங்களுக்கு ஸ்போர்ட் வண்டிதான் பிடிக்கும் என்று ஆசைப்பட்டு என்னைப் பார்க்க அனுப்பினீர்கள். வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்துகிற ஆக்சிலேட்டர் லீவரை அழுத்திவிட்டுப் பார், விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும், அதுதான் உயிர் என்றீர்கள். நான் ஏழு முறை அழுத்தினேன். ஏழு முறையும் துள்ளித் திரும்பியது. அம்மா எங்க ஊட்டுக்காரிய விட கெட்டியா பாக்கறாங்க என்று வேங்கடாசலம் ஐயா சிரித்தார்.

கங்கையம்மன் கோயிலில் பூஜை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி மஞ்சள் கயிற்றில் பழமும் மிளகாயும் கோத்து ஹேண்டில் நடுவில் கட்டினார். மறுநாள் காலையில் அது அவிழ்ந்து தொங்கியது. அவிழ்ந்தால் ஆகாது என்று மனசு அடித்துக்கொண்டது. நானே எடுத்து வலது பக்கம் கட்டினேன். வலது பக்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நல்ல காரியம் என்றால் வலது என்று நானாக நினைத்தேன். மறுபடி அவிழக் கூடாது என்று மீதிக் கயிற்றையும் சுற்றிச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். நீங்கள் சொன்ன லீவர் அங்கேதான் இருக்கிறது என்று அந்த நேரம் என் புத்தியில் ஏறவே இல்லை.

அன்றைக்கே தீனா வண்டியை ஓட்டிப் பார்த்தான். ஏரிக்கரைத் திருப்பத்தில் கட்டைவிரலை எடுத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நிற்கவில்லை. கரைக் கல்லில் மோதி அவன் மேலேயே கவிழ்ந்தது. முதலில் ஓடினது நான். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. கயிறு லீவருக்குப் பின்னால் போய் அதை அழுத்திப் பிடித்திருந்தது. பல்லால் கடித்து அறுத்தேன். அறுந்ததும் லீவர் துள்ளித் திரும்பியது, சத்தம் அடங்கிவிட்டது. ஊர் ஜனம் வருவதற்குள் கயிற்றை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? தெரியவில்லை மாமா. பயம். பழைய வண்டி, விற்றவன் ஏமாத்திட்டான் என்று யாரோ கத்தினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு நாளாகத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லப் போகிறேன். ஒரு குற்றமும் செய்யாத மனிதரை உள்ளே தள்ளிவிட்டு, அந்தக் கையால் தீனாவுக்குக் கஞ்சி ஊட்ட என்னால் முடியாது. கயிற்றை இந்த உறையில் வைத்து உங்களுக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன். ஸ்டேஷனில் காட்ட வேண்டுமே என்று வைத்துக்கொண்டேன். தீனாவிடம் நாளைக்கே சொல்லிவிடுவேன். ஸ்டேஷனில் கேட்டு அவன் தெரிந்துகொள்ளக் கூடாது.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்குமோ இருக்காதோ. அத்தை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், சொல்லட்டும். நீங்களும் திட்டுங்கள். ரக்ஷிதாவை மட்டும் என்னை விட்டுப் பிரிக்க விடாதீர்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போலப் போன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை. கன்னி, துன்னியா என்று தினம் கேட்பீர்களே, அதை மட்டும் கேளுங்கள், நான் புரிந்துகொள்வேன். கேட்க மனசு வராவிட்டாலும் கோபத்தோடு வண்டிகளில் கை வைக்காதீர்கள். அந்தக் கங்கையம்மன் உங்கள் கையையும் காலையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கன்னிகா