நீ கையெழுத்து வைக்காத கடதாசி

இன்று காலை ஒட்டுசுட்டான் பஸ் தரிப்பில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் மழைக்குக் குடை விரித்தார். நீலக் குடை. கம்பி ஒன்று முறிந்து ஒரு பக்கம் தொங்கியது. துணியில் வெள்ளை எழுத்தில் "கடலை நேசிப்போம்" என்று இருந்தது. பக்கத்தில் ஒரு டொல்பின் சிரித்தபடி துள்ளியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ என் பக்கத்தில் நின்றிருந்தால், அந்தக் குடைக்குள் நிற்பதைவிட மழையில் நனைவது மேல் என்று அவர் காதில் விழும்படியே சொல்லியிருப்பாய்.

அந்தக் குடை வந்த வழி உனக்குத் தெரியும். ஒரு கப்பல் எங்கள் கரையில் தன் எண்ணெயைக் கொட்டியதற்காக ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். கூடவே ஒரு பை அரிசி. கொடுத்தவர்களுக்கு வாயாக இருந்தவள் நான். அந்தக் கதை எப்படி முடிந்தது என்று தெரியாமலே நீ போய்விட்டாய். அதைத்தான் எழுதுகிறேன்.

நெடுங்கேணிப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே வாங்கில் இருந்தோம். உன் தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காட்டோரம் பயிர் செய்தவர்கள். என் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டக் காணிக்கு வந்து வயல் செய்தவர்கள். அந்தப் பெருமையில் என் அம்மா உன்னைச் சமைக்கிற குசினிக்குள் விடமாட்டா. நீ அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. படலைக்கு வெளியே நின்று, "எடி, வாறியோ இல்லையோ?" என்று கத்துவாய். பிறகு முல்லைத்தீவுக் கரையில் ஒரு கடற்றொழிலாளியைக் கலியாணம் கட்டினாய். அவர் இறந்தபின் கடற்கரையில் ஓலைக் கொட்டிலாக ஒரு வாடி போட்டு, நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கருவாடு காயவைத்தாய். நான் ஆங்கிலம் படித்து, நீதிமன்றத்துக்கு அருகே ஒரு சிறிய அறையில் மேசை போட்டுச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒரு சொல்லையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து வாங்கிய முத்திரை அது.

அந்த மாரியில் கப்பல் தரைதட்டியது. எண்ணெய் ஏற்றி வந்த கப்பல்கூட இல்லை, சீமெந்து ஏற்றி வந்தது. தன் இயந்திரத்துக்கு எரிக்க வைத்திருந்த எண்ணெய்தான் வெடித்த அடிப்பக்கத்தால் வழிந்தது. மண்ணெண்ணெய் போல இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். உன் வாடிக்கு வந்து பார்த்தபோது அது தார்க்குழம்பாகக் கிடந்தது. கரைவலைக் கயிற்றில், தோணிகளில், உன் பெண்களின் குதிக்காலில் எல்லாம் ஒட்டியிருந்தது. காயப்போட்டிருந்த கருவாடு முழுவதையும் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டு நின்றாய். "நாயும் மணந்து பாத்திட்டுத் திரும்பிப் போகுதடி," என்றாய்.

இரண்டு கிழமை கழித்துக் கப்பல்காரரின் பிரதிநிதி கொழும்பிலிருந்து வந்தார். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட மனிதர். அவர் நடப்பதற்கு மணலில் பலகை போட்டார்கள். பலகை முடிந்த இடத்தில் அவருடைய அக்கறையும் முடிந்தது. அங்கே நின்று கையை நீட்டி, "இந்தப் பக்கத்து மணல் முதலே கறுப்புத்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். நீ குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி அவருடைய கைக்கு நேரே நீட்டினாய். அவர் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். இந்தக் கோழைத்தனத்துக்குத்தான் நான் அன்று கூலிக்கு நின்றேன். நல்ல கூலி. வாகனத்தில் கூட்டிப் போய், வாகனத்தில் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கூட்டம் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் நடந்தது. பிரதிநிதி ஒரு கடதாசியை உயர்த்திக் காட்டினார். கப்பலின் எண்ணெயால் கரைக்கு நாசம் வந்தால் ஈடுசெய்யக் காப்புறுதி இருக்கிறது என்பதற்கான சான்றிதழ் அது. அது இல்லாமல் அந்தக் கப்பல் ஓடவே கூடாதாம். "எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஒருவரும் பயப்பட வேண்டாம்," என்றார். மண்டபம் கைதட்டியது. எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். முத்திரை குத்திய கடதாசி ஒன்றைத் தூரத்தில் நின்று ஆட்டினாலே போதும், கைதட்டுவார்கள்.

நீ எழும்பி முன்னால் போனாய்.

"அதை ஒருக்கால் காட்டுங்கோ."

"உங்களுக்கு இங்கிலிஷ் விளங்காது அக்கா," என்றார் சங்கத் தலைவர்.

"பாக்கத்தானே கேட்டனான். திண்டிடவோ போறன்?"

பிரதிநிதி சிரித்துக்கொண்டே சான்றிதழை மேசையில் வைத்தார். நீ ஃபோனை எடுத்துப் படம் பிடித்தாய். ஒரு மூலையும் வெட்டுப்படாமல் இரண்டு தரம் பிடித்தாய். அவருடைய சிரிப்புக் கொஞ்சம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் மற்றக் கடதாசி வந்தது. அரிசியும் குடையும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வைக்க வேண்டிய கடதாசி. இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். கூட்டத்துக்கு முன்பே பிரதிநிதி என் தோளருகே குனிந்து, "சுருக்கமாகச் சொன்னால் போதும், மிஸ்," என்றிருந்தார். நான் சுருக்கினேன். "இது சாமான் கிடைச்சதுக்கான துண்டு," என்றேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. இந்த உதவியைப் பெற்றவர் கப்பல் உரிமையாளரிடமோ காப்புறுதிக்காரரிடமோ இனி எக்காலத்திலும் எதையும் கோரமாட்டார். அந்த வரியை நான் வாசித்தேன், விளங்கிக்கொண்டேன், சொல்லாமல் விட்டேன்.

நீ கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"எடி, ரெண்டு பக்கத்துக்கு இவ்வளவுதானோ?"

"ஓம்," என்றேன்.

நீ பேனையை மேசையில் வைத்தாய். "முழுக்க வாசிச்சுக் காட்டாத கடதாசியில நான் கை வைக்கமாட்டன்," என்றாய். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சங்கத் தலைவரின் மனைவி, "உவவுக்கு எப்பவும் ஒரு எடுப்பு," என்றா. மற்ற எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். உன் வாடிப் பெண்கள் நால்வரும் வைத்தார்கள். நீ மட்டும் அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெறுங்கையோடு போனாய்.

மூன்றாம் நாள் என் அறைக்கு வந்தாய். "வவுனியாவில ஒரு சட்டத்தரணி இருக்கிறாவாம். என்னோட வா. எனக்கு இங்கிலிஷ் தெரியாது," என்றாய். அறையைப் பூட்டிக்கொண்டு உன்னோடு வந்தேன். சட்டத்தரணி அம்மா உன் ஃபோனிலிருந்த சான்றிதழைப் பெரிதாக்கிப் பார்த்தா. கப்பலின் பெயர், உரிமையாளர், காப்புறுதி செல்லுபடியாகும் காலம், காப்புறுதிக்காரரின் பெயரும் விலாசமும் எல்லாம் தெளிவாக இருந்தன.

"கப்பல்காரனைத் தேடித் திரியத் தேவையில்லை. இந்தக் காப்புறுதிக்காரரையே நேர கேக்கலாம்," என்றா. "கையெழுத்து ஏதும் வைச்சனீங்களோ?"

நீ சட்டைக்குள்ளிருந்து கடதாசியை எடுத்துக் கொடுத்தாய். அவா அதை வாசித்து, கடைசி வரியை உனக்காகத் தமிழில் சொன்னா. ஒரு சொல்லும் விடாமல் சொன்னா. நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவில்லை.

மாங்குளத்தில் பஸ் மாறும்போது தேத்தண்ணி வாங்கித் தந்தாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"மன்னிப்பு கின்னிப்பு ஒண்டும் வேண்டாம்," என்றாய். "அண்டைக்கு நீ அவன்ர ஆளா நிண்டனி. இனி என்ர ஆளா நில். கடிதம் எழுது."

எழுதினேன். காப்புறுதிக்காரரின் பதில்களை ஒவ்வொன்றாக உனக்கு வாசித்துக் காட்டினேன். இந்தமுறை ஒரு எழுத்தும் விடவில்லை. கருவாடு காயவைத்த நிலத்தின் வரைபடம் வேண்டுமாம். புதைத்த கருவாட்டின் மாதிரி வேண்டுமாம். எண்ணெய் வருவதற்கு முன் அந்த மணலில் எண்ணெய் இருக்கவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எண்ணெயில்லாத மண்ணைப் படம் பிடிச்சு வைக்க எனக்கென்ன விசரோ?" படித்த மனிதர்கள் குளிரூட்டிய அறையில் கூடியிருந்து யோசித்த கேள்விகள் இவை. இதற்கு ஒரு கடிதத்தாள், ஒரு இலச்சினை, கீழே வளைந்து நெளிந்து ஒரு கையெழுத்து.

ஒருநாள் வெள்ளைச் சப்பாத்துக்காரர் உன் வாடிக்கே வந்தார். இந்தமுறை பலகை போட ஆள் இல்லை. கையெழுத்து வைத்தால் உனக்குத் தனியாகக் கவனிப்பதாகச் சொன்னாராம். இன்னொரு குடையும் கொண்டுவந்தாராம். "குடை ரெண்டு விரிச்சா மழை குறைச்சுப் பெய்யுமோ தம்பி?" என்று கேட்டு அனுப்பிவிட்டாய்.

அடுத்த மாரியில் காய்ச்சல் என்று படுத்தாய். எட்டாம் நாள் போய்விட்டாய். நான் சொல்லாமல் விட்ட வரியின் கதை அதற்குள் கரை முழுக்கப் பரவியிருந்தது. உன் சாவீட்டுக்கு வந்த என்னை ஒருவரும் இரு என்று சொல்லவில்லை. உன் மகள்தான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

காப்புறுதிக்காரரிடமிருந்து அனுதாபக் கடிதம் வந்தது. உன் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். ஆழ்ந்த அனுதாபத்துக்கு அடுத்த வரியிலேயே, கோரிக்கை கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். அப்படி ஒரு வெட்கங்கெட்ட கடிதத்தை நான் என் தொழிலில் மொழிபெயர்த்ததில்லை. உன் மகள், "இல்லையெண்டு எழுதுங்கோ அன்ரி," என்றாள். உன் இடத்தில் அவள் நின்றாள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கையெழுத்து வைக்காதவள் நீ ஒருத்திதான் என்பதால் உன் வழக்கு மட்டும்தான் நின்றது. கரையிலிருந்த மற்றவர்கள் எல்லாம் அந்தக் கடைசி வரியால் கட்டுண்டு கிடந்தார்கள். "அவைக்கும் வழியிருக்கு," என்றா சட்டத்தரணி அம்மா. "கடதாசியில என்ன இருந்ததெண்டு அவைக்குச் சொல்லேல்லை எண்டு நீங்கள் சத்தியக்கடதாசி குடுக்கவேணும். உங்கட முத்திரை போகும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் யோசித்தேன், உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு கிழமை யோசித்தேன். பிறகு, கவனக்குறைவால் ஒரு வரி விடுபட்டது என்று எழுதினேன். எழுதிப் பார்த்தபோது, அந்த வெள்ளைச் சப்பாத்துக்காரரே என் பேனையைப் பிடித்து எழுதியது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, "தெரிந்தே விட்டேன்," என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

நீதிமன்றத்தில் காப்புறுதிக்காரரின் சட்டத்தரணி என்னைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார்.

"ஏன் விட்டீர்கள்?"

"கூலி தந்தவை. சுருக்கச் சொன்னவை. சுருக்கினனான்."

"அப்படியானால் நீங்கள் ஒரு பொய்க்காரி."

"ஓம் ஐயா. அண்டைக்கு உங்கட பக்கத்தில நிண்டனான்."

பின்வாங்கில் இருந்த உன் வாடிப் பெண்களில் ஒருத்தி சத்தமாகச் சிரித்துவிட்டாள். பிரதிநிதி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கையெழுத்துகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு காப்புறுதிக்காரர் ஓடிவந்து பேசினார்கள். உன் பெயரில் கேட்டது உன் மகளுக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். நல்லெண்ணத்தின் அடிப்படையில் கொடுப்பதாகக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். நீதிமன்றம் கழுத்தைப் பிடித்த பிறகு வருகிற நல்லெண்ணம்! மகள் புது வாடி போட்டிருக்கிறாள். கடற்கரைக் காற்றில் மறுபடி கருவாட்டு மணம் இருக்கிறது.

முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சங்கத் தலைவரின் மனைவி இன்னும் என்னோடு கதைப்பதில்லை. "உன்னை நம்பினதுதான் எங்கட பிழை," என்று கடைசியாக ஒருநாள் சந்தையில் வைத்துச் சொன்னா. அவா சொன்னது சரி. பிரதிநிதியையும் காப்புறுதிக்காரரையும் நினைத்தால் எனக்கு இளக்காரம் வருகிறது. ஆனாலும் அவர்கள் தங்கள் தொழிலைச் செய்தார்கள். என் தொழிலைச் செய்யாதவள் நான். என்மேல் வந்த அருவருப்பு எனக்குள் அப்படியே இருக்கிறது. கழுவிவிட நான் முயலவும் இல்லை.

மேசை மட்டும் அதே அறையில் கிடக்கிறது. முத்திரை இல்லாவிட்டாலும், விளங்காத கடதாசிகளோடு ஆட்கள் வருகிறார்கள். போன கிழமை ஒரு இளம் பெண் காணிக் குத்தகை ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தா. "சுருக்கமாச் சொல்லுங்கோ அக்கா, பஸ் வரப்போகுது," என்று வாசலைப் பார்த்தா.

"இருங்கோ பிள்ளை, பின்னுக்கும் ஒரு பஸ் வரும்," என்றேன். கதிரையை இழுத்துப் போட்டேன். கடதாசியைப் புரட்டி, கடைசி வரியில் விரலை வைத்து, அங்கேயிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.