கரடி திருப்பித் தந்த பந்து

பூனாகலை

என் மகளின் அம்மாவுக்கு,

குவைத்தில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய காசில் நம் லயத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. இப்போது ஒழுகுவதில்லை.

பகலில் மகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் டீச்சர் ஒரு படப் புத்தகம் காட்டியிருக்கிறார். முயல் தன் பந்தைக் கரடிக்கு விளையாடக் கொடுக்கிறது. சாயங்காலம் கரடி அதைத் திருப்பித் தருகிறது. “நீங்க யாருக்கு என்ன குடுத்திருக்கீங்க?” என்று பிள்ளைகளிடம் கேட்டாராம்.

“எங்கம்மாவ குவைத் பாப்பாவுக்குக் குடுத்திருக்கேன்” என்றாளாம் நம் மகள். பிள்ளைகள் கைதட்டினார்களாம்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து பாதையையே பார்க்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால், “இருங்கப்பா, அந்தப் பாப்பா இப்ப குடுத்துரும்” என்கிறாள்.

நீ கேட்கும் இரண்டு வருடத்தை அவளுக்கு நான் எந்தப் புத்தகத்தில் காட்டுவேன்?

உன் மகளின் அப்பா