குள்ளனைத் தரையில் இறக்கிய உன் அம்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, நானேதான் எழுதுகிறேன். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற மாலை வகுப்பு டீச்சர் திருத்துகிறேன் என்றார், என் மகளுக்குப் புரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். போனில் உன் அம்மா பேசி முடித்து என் கைக்கு வரும்போது சாப்பிட்டாயா, சரி வைக்கிறேன் என்பதற்குத்தான் நேரம் இருக்கிறது. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் இரண்டு காபி ஆறிவிட்டது, பரவாயில்லை.

விஷயம் நம் குள்ளனைப் பற்றியது. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு பழைய மாடிச் சுவரைப் பூசப் போனபோது, விரிசலில் முளைத்திருந்த அத்திக் கன்றைப் பிடுங்கி எறிய மனம் வராமல் உடைந்த சிமெண்ட் சட்டியில் வைத்துக் கொண்டுவந்தேனே, அதேதான். நீதான் அதற்குக் குள்ளன் என்று பெயர் வைத்தாய். கட்டுக்கம்பி சுற்றி வளைத்து, வேரைக் கத்தரித்து, இலையைக் கிள்ளி, எத்தனை வருடம் பார்த்திருப்பேன். வேலையில் தூக்குக்குண்டு விட்டு எல்லாவற்றையும் நேராக நிறுத்துகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் ஒரு செடியைக் கோணலாக்கப் பாடுபடுகிறாரே என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் தண்டு மட்டும் குச்சி மாதிரியே நின்றது, எனக்கு அதுதான் குறை. வருடா வருடம் போன்சாய்ச் சங்கத்துக் கண்காட்சிக்குப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருவேன். மரத்தின் பக்கத்தில் அதன் கதையை ஓர் அட்டையில் எழுதி வைக்க வேண்டும், எழுதத் தெரியாததால் நான் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்ததே இல்லை. இந்த வருடம் கொடுத்துவிட்டேன். அட்டையையும் எழுதி முடித்துவிட்டேன் அம்மாடி, சங்கத்தை நடத்துகிற பல் டாக்டர் வாங்கிப் படித்துவிட்டு, எங்க ஆளுங்க ஒருத்தர்கூட இவ்வளவு ருசியா எழுதலைண்ணே என்றார்.

இதற்குள் என் கண் ஆபரேஷன் வந்தது. ஒரு கண், அது ஆறியதும் மறு கண் என்று மழைக்காலம் முழுவதும் போய்விட்டது. குனியக்கூடாது, மண் தொடக்கூடாது, கொல்லைப் பக்கம் தலை காட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குள்ளனை உன் அம்மா பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். டாக்டர் அனுமதி கொடுத்த அன்று ஆசையாகக் கொல்லைக்கு ஓடினால் சட்டி காலியாகக் கவிழ்ந்து கிடக்கிறது, தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஓர் அத்தி மரம் கிளையை விரித்துக்கொண்டு என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. கம்பி ஒன்றுகூட இல்லை. என்னடி இது என்று கத்தினேன். உங்களுக்குக் கண்ணு தெறந்தாச்சு, அது மட்டும் காலை மடக்கிக்கிட்டே கெடக்கணுமா, பாவம்னு எறக்கி விட்டுட்டேன் என்றாள், ஏதோ பெரிய புண்ணியம் செய்தவள் மாதிரி. கண்காட்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே மண்வெட்டியைக் கொண்டுவந்து வைத்து, தோண்டி எடுத்துக்குங்க, நான் உள்ள போயிடறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

தோண்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போம் என்று பல் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் மண்ணில் முட்டி போட்டுத் தண்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். அண்ணே, தண்டு பருக்கணும்னா வேணும்னே இப்படித் தரையில விடுவாங்க, அண்ணி சரியாத்தான் செஞ்சிருக்காங்க, இப்பத் தோண்டி வேரை வெட்டினா மரமே போயிடும், ரெண்டு மூணு வருஷம் விடுங்க என்றார். அதுவரைக்கும் நான் இருக்க வேண்டாமா டாக்டர் என்று கேட்டேன். உள்ளேயிருந்து உன் அம்மா, எங்க போயிடுவாரு, வெளிய கெளம்புனா செருப்பையே நான்தான் தேடிக் குடுக்கணும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதோடு கோபமும் போய்விட்டது. மண்வெட்டியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

கண்காட்சிக்கு இந்த முறையும் வெறுங்கையோடுதான் போனேன், ஆனால் உன் அம்மாவையும் கூட்டிப் போனேன். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று பாவம் பாவம் என்கிறாள். எதையாவது அவிழ்த்துவிடப் போகிறாள் என்று பயந்து வெளியே வரும்வரை அவள் கையை விடவேயில்லை. பார்த்தவர்கள் இந்த வயதில் என்ன ஒற்றுமை என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது தினமும் தண்டை விரலால் சுற்றிப் பார்க்கிறேன். பருத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவசரம் இல்லை, எனக்கும் படிக்க இன்னும் நிறைய இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான், தோண்டி எடுக்கிற அன்று மண்ணோடு தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். வெட்டுவதை என்னால் பார்க்க முடியாது என்று உன் அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நீ வந்து பிடி கண்ணு. எந்த வருடம், எந்த மாதம் என்று இப்போதே சொன்னால் அதற்கு ஏற்றபடி குள்ளனைத் தயார் செய்துவிடுவேன்.

எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் குழந்தைக்குக் காதை மூடிவிடு. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா