சோற்றுக்கை

மீனாட்சிபுரம்
3.11.2024

அன்பு அம்மிணி யோகப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதே. தினமும் இடது கையால் எழுதிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் உத்தரவு. தீவனம் வெட்டும் மிஷின்தான் சோற்றுக்கையை மணிக்கட்டோடு தின்றுவிட்டதே. மிச்சம் பீச்சாங்கை. அதில் சோறு எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் குமட்டுகிறது. உன் அம்மா பிசைந்து ஊட்டுகிறாள். இந்த வயதில் வாயைத் திறந்து காத்திருக்கிற என்னை நினைத்தால் எனக்கே சீ என்றிருக்கிறது.

தையில் உன் கல்யாணத்துக்குத் தாரை வார்க்க உன் சித்தப்பா ஆனந்தகுமார் உட்காரட்டும். நான் வரவில்லை. மாடுகளைப் பார்க்க ஆள் வேண்டுமே.

மூணாறில் குளிராமே. ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அப்பா,
ஆறுச்சாமி

மூணாறு
10.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஓட்டல் வேலையில் தினமும் ஊரார் எச்சில் தட்டைப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் வராத குமட்டல் உங்கள் கடிதத்தில் வந்தது. கையை நினைத்து அல்ல, அந்தச் சாக்கைப் படித்து. மாட்டைப் பார்க்க ஆளில்லையாம்!

செவலை மாடு கன்று போட முடியாமல் கிடந்தபோது தோள்வரை உள்ளே விட்டு இழுத்தது எந்தக் கை? சோற்றுக்கைதானே? சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதே கையால் எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தீர்கள். நானும் சாப்பிட்டேன். சோப்பு வலது கைக்கு மட்டும்தானா?

யார் என்ன சொன்னார்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
பிரியா

மீனாட்சிபுரம்
18.11.2024

அம்மிணிக்கு,

நிச்சயத்தன்று நீ உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தாய். தாம்பூலத்தட்டை நான் நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஏனுங்க, நல்ல காரியமுங்க. உங்க தம்பி குடுக்கட்டுமுங்க" என்றார். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மாவைக் குறை சொல்லாதே. எனக்கே அருவருப்பான கை. அவர் எப்படி வாங்குவார்?

அப்பா

மூணாறு
26.11.2024

அப்பா,

உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "சின்ன விசயம், பெருசு பண்ணாத" என்றார். அவர் அம்மாவைவிட இவர்மேல்தான் அருவருப்பாக இருக்கிறது. நீங்கள் தாரை வார்க்காவிட்டால் கல்யாணம் இல்லை. அவரிடமும் சொல்லிவிட்டேன்.

பிரியா

மீனாட்சிபுரம்
9.12.2024

அன்பு அம்மிணிக்கு,

முந்தாநாள் செவலையின் மகள் கன்று போடத் திணறியது. மாட்டு டாக்டர் கொல்லங்கோட்டில் இருந்தார். வேறு வழியில்லாமல் பீச்சாங்கையை விட்டேன். கன்றின் கால் தட்டுப்பட்டது. இழுத்துவிட்டேன், கிடாரி.

சோப்புப் போட்டுக் கழுவினேன். உன் அம்மா சோற்றோடு வந்தாள். "அங்க வெய்யி, நானே திங்கறேன்" என்றேன். முதல் வாய் குமட்டியது. விழுங்கினேன். அடுத்ததும் குமட்டியது. ஆனாலும் தட்டை வழித்துவிட்டேன். அழுதுகொண்டே மோர் ஊற்றினாள் உன் அம்மா.

நேற்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் வெற்றிலைத் தட்டை இதே கையால் நீட்டினேன். அந்தம்மா எனக்குப் பின்னால் ஆனந்தகுமார் வந்திருக்கிறானா என்று பார்த்தார். மாப்பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். கன்று போட்ட மாட்டுக்கு வெற்றிலை நல்லது. அதற்கே போட்டாயிற்று.

பொங்கலுக்கு ஊட்டுக்கு வந்துவிடு. சோறு நான் பிசைந்து தருகிறேன்.

அப்பா,
ஆறுச்சாமி