கெகோவாவில் இன்ஜின் நின்ற மதியம்

மே 9

இன்று சுற்றுலாப் பயணிகளோடு இரண்டு சவாரி. மூழ்கிய நகரத்துக்கு மேல் நீந்தக் கூடாது என்றதும் எல்லோருக்கும் முகம் சுண்டிப்போகிறது. பிறகு வழக்கம்போல: கெகோவா தீவின் ஓரமாக மெதுவாக ஒரு சுற்று, இடது பக்கம் படம், வலது பக்கம் படம், பூகம்பத்தில் ஊர் கடலுக்குள் இறங்கிய கதை. நானே கேட்காத அளவுக்கு அதைச் சொல்லிப் பழகிவிட்டது. அப்பாவின் படகை எடுத்து ஓட்ட வந்து பதினாறு வருஷம் ஆகிறதே.

மாலையில் என் அண்ணன் நூரெத்தின் வந்தான். அந்தால்யா நகரத்தில் இரண்டு தட்டுப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். நூறு பேர் ஏறலாம், மேல்தளத்தில் ஆடலாம். அவன் படகையும் என் படகையும் விற்றுவிட்டுக் கூட்டாக வாங்க வேண்டுமாம். யோசிக்கிறேன் என்றேன்.

மே 17

தெற்குக் காற்று. எங்கள் கலேக்கொய் துறையிலிருந்து ஒரு படகும் கிளம்பவில்லை. அண்ணன் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது?

ஜூன் 3

 நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மதியம், மூழ்கிய நகரத்துக்கு நேர் மேலே இன்ஜின் நின்றுவிட்டது. எரிபொருள் குழாயில் அடைப்பு. அண்ணனுக்கு போன் செய்தேன்; கட்டி இழுக்க வருகிறேன் என்றான். காற்று துளிகூட இல்லை. கிளறுவதற்கு எதுவும் இல்லாததால் தண்ணீர் மெல்ல மெல்ல அடங்கியது. படகில் பேச்சும் தானாக அடங்கியது.

நான் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தேன். முதல் தடவைதான். ஓட்டும்போது என் கண் எப்போதும் பாறை மேலும் எதிரே வரும் படகு மேலும்தானே இருக்கும்?

மலைச்சரிவில் தொடங்கும் படிக்கட்டு தண்ணீருக்குள் நுழைந்து, நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. கால்கள். எத்தனை பேருடைய கால்கள்! படி முடிகிற இடத்தில் ஒரு வாசல். வாசலுக்கு உள்ளே ஓர் அறை, சுவரில் விளக்கு வைக்கிற அளவுக்கு ஒரு மாடம். எங்கள் படகின் நிழல் அந்த அறைக்குக் கூரை போட்டதுபோல் விழுந்து கிடந்தது. மீன்கள் கூட்டமாக வாசல் வழியே உள்ளே போயின, வேறு வழி இருந்தும்.

ஜெர்மனியிலிருந்து வந்த ஹெட்விக் என்ற அம்மாள் தட்டுத்தடுமாறிய துருக்கி மொழியில் மெல்லக் கேட்டார்: “கதவு உள்பக்கமா திறக்குமா, வெளிப்பக்கமா?”

வாசற்கல்லில் கதவு சுழலும் குழியைத் தேடினேன். இருந்தது. “உள்பக்கமா” என்றேன்.  அது ஒரு வீடு. எனக்கு இதுவரை தெரியவே இல்லை.

அண்ணன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வந்தான். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். இன்ஜினையும் பாட்டையும் அணைத்துவிட்டு, “என்ன, எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க?” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் கயிற்று முடிச்சை மட்டும் பார்த்தபடி கட்டினான்.

ஜூன் 4

பெரிய படகு வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். படகைத் துறையிலேயே கட்டிவிட்டு, சின்னத் தோணிகளில் துடுப்புப் போட்டுக் கூட்டிப்போகிறேன், தோணிக்கு நாலு பேர் போதும் என்றேன்.

“ஊரே சிரிக்கும். பேரு கேப்டன், பாக்குறது தோணிக்காரி வேலை.”

“சிரிக்கட்டும். நூறு பேரை அந்த வீட்டு மேல ஆடவிட என்னால முடியாதுண்ணே.”

“வீடா? அது கல்லு.”

தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

ஜூன் 22

தோணிக்கு இன்றும் ஆள் வரவில்லை.

ஜூலை 2

ஹெட்விக் அம்மாள் சொல்லி அனுப்பினாராம், ஒரு குடும்பம் வந்தது. திரும்பும்வரை தோணி விளிம்பில் சாய்ந்து கீழேயே பார்த்தபடி இருந்தார்கள். நானும்தான். ஆள் வராவிட்டாலும் தினமும் போய்ப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை.

ஜூலை 15

அண்ணன் என்னோடு பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்று ஜெக்கியே அண்ணி ஒரு கிண்ணம் மல்பெரிப் பழத்தோடு வந்தாள். கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“உங்கண்ணனுக்குப் படகு ஆசை இல்ல குலிசார். அவருக்குச் சத்தம் வேணும். மாமா இல்லாம அவரோட தோணி மட்டும் திரும்பி வந்துச்சே, அந்தக் குளிர்காலத்துல நாள் கணக்கா அந்தத் தீவோரமா தண்ணிக்குள்ள பாத்துக்கிட்டே தேடினாரு. அதுக்கப்புறம் அவரு கீழ பாத்து நான் பாத்ததே இல்ல.”

அப்போது நான் கல்யாணமாகி ஃபினிகே ஊரில் இருந்தேன். அப்பா கிடைக்கவில்லை என்று மட்டும் தெரியும். யார் எங்கே தேடினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

ஆகஸ்ட் 28

அண்ணன் வீட்டுக்குப் போனேன். நாளை விடிந்ததும் என்னோடு வருகிறாயா, வேறு யாரும் இருக்கமாட்டார்கள் என்றேன். அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

ஆகஸ்ட் 29

வந்தான்.

நான் துடுப்புப் போட்டேன். அவன் என் முகத்தையே பார்த்து உட்கார்ந்திருந்தான். படிக்கட்டுக்கு மேல் வந்ததும் துடுப்பைத் தூக்கிக்கொண்டேன். வெயில் அப்போதுதான் மலையைத் தாண்டி இறங்கியது. ஒவ்வொரு படியாக வெளிச்சம் தண்ணீருக்குள் நடந்து போனதை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. கையால் தோணியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தான்.

பிறகு குனிந்தான். நிமிரவே இல்லை. பயந்துபோய் அவன் தோளைத் தொடப் போனேன்.

“இந்த எடத்துல எத்தன தடவ சுத்தியிருப்பேன்” என்றான். “படி, வாசல், ஒண்ணும் கண்ணுல படல. இடுக்கு இடுக்கா அப்பாவைத்தான் தேடினேன்.”

இன்னும் குனிந்தபடியே, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல:

“இவ்ளோ அழகாவா இருந்துச்சு, குலிசார்?”

செப்டம்பர் 14

இரண்டு தட்டுப் படகை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். அண்ணி சொன்னாள்.

இன்று இரண்டு தோணி போயிற்று. இரண்டாவதை அண்ணன் ஓட்டினான். வந்தவர்களைக் கரையில் இறக்கிவிட்ட பிறகும் அவன் இறங்கவில்லை. தனியாகத் தோணியைத் திருப்பிக்கொண்டு தீவோரம் போய் நின்றான். நான் கூப்பிடவில்லை. அவனுக்கான சாப்பாட்டை எடுத்து மூடி வைத்தேன்.