நீ சொன்ன என் காவிரி

அலுவலக அலமாரியிலிருந்து மீகாங் ஆற்றின் நீளமான துணி வரைபடத்தை எடுத்து விரித்தேன். உன் தைல வாசம் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் நெற்றியில் தைலம் தேய்த்த கையோடுதான் இதைத் தொடுவாய். நீ போன பிறகு நடக்கும் முதல் பயிலரங்கம் இது. அந்த ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளிலிருந்து நீர்த்துறை அதிகாரிகள் மெல்பர்னுக்கு வந்திருந்தார்கள். "தொடக்கத்தில் அவள் சொல்லும் கதையை இந்த முறை நீ சொல்லிவிடு" என்றார் மேலாளர். அது என் கதை என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

உயிரோடு இருந்தபோது உன்மேல் எனக்குப் பொறாமை. இப்போது குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

நான் காவிரியின் கடைமடைக்காரி. நீயோ ஆறே இல்லாத யாழ்ப்பாணத்துக்காரி. எத்தனை கன அடி எங்கே போகும் என்று கணினியில் கணக்குப் போட்டது நான். எழுந்து நின்று பேசி ஆட்களை அசைத்தது நீ. "என்ன காவிரிக்காரி, இண்டைக்கும் கிராஃப் கீறுறதுதானோ?" என்று கேட்டபடிதான் என் மேசைக்கு வருவாய். ஆறில்லாத ஊர்க்காரிக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருநாள் நானும் சீண்டினேன். நீ அசரவில்லை.

"எங்கட கிணறு மூண்டு வீட்டுக்குப் பங்கு. ஒருத்தரோட ஒருத்தர் கதைக்காத காலத்திலயும் முறை பார்த்துத்தான் இறைச்சவை. அதுக்குப் பிறகு ஆறு என்ன பெரிய காரியமே?"

இரு மாநில எல்லையிலுள்ள ஆல்பரிக்கு அதிகாரிகளை அழைத்துப் போனோமே, நினைவிருக்கிறதா? முர்ரே ஆறு முழுக்க நியூ சவுத் வேல்ஸ் எல்லைக்குள், விக்டோரியா தென்கரையில்தான் தொடங்குகிறது என்று நான் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ பாலத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு, "ஆறு அவர்களுடையது, தண்ணீர் இரண்டு பேருடையது" என்று ஆங்கிலத்தில் ஒரே வரி சொன்னாய். செல்போன்கள் கீழே இறங்கின.

அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் என் அப்பாவைப் பற்றி உனக்குச் சொன்னேன். குறுவைக்கு நாற்று விட்டுவிட்டு அணைத் தண்ணீருக்காகக் காத்திருந்த வருஷம். தண்ணீர் வரத்தான் செய்தது, வாய்க்கால் நிறைய. அதற்குள் நாற்று நடவுக்கு உதவாதபடி முற்றிவிட்டது. நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். நீ சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "பிறகு?" என்றாய். அப்பா யாரையும் திட்டாமல் அதே தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் என்றேன்.

மறுநாள் கூட்டத்தில், தன் நாடு வருஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்பதையே ஆற்றின் மேல்பகுதியிலுள்ள நாட்டின் அதிகாரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ எழுந்து, "இது என் தோழியின் அப்பாவுக்கு நடந்தது" என்று ஆரம்பித்தாய். குறை சொல்லக்கூட எனக்கு நீ இடம் வைக்கவில்லை. "தண்ணீர் வந்தது" என்று சொல்லி நிறுத்தினாய். பிறகுதான் "நாற்று முற்றிவிட்டது" என்றாய். இடைவேளையில் அந்த அதிகாரி தேநீர்க் கோப்பையோடு, ஆற்றின் கடைசியிலுள்ள வியட்நாமிலிருந்து வந்த பெண்ணிடம் போய், "உங்களுக்கு எந்த மாதம் வேண்டும்?" என்று கேட்டார். என் வருஷக் கணக்கு எதுவும் அவரை அப்படிக் கேட்க வைத்ததில்லை.

இந்த முறை நான் சொன்னேன், யாருடைய அப்பா என்று சொல்லாமலே. "தண்ணீர் வந்தது" என்றதும் என்னை அறியாமல் நானும் நிறுத்தினேன். அங்கே நிறுத்துகிற பழக்கம் என்னுடையதல்ல. அதே வியட்நாம்காரப் பெண், இப்போது அவர்கள் குழுவுக்கே தலைவி, பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருடைய அப்பா கதையை அப்படியே அவரைப்போலவே சொன்னீர்கள்" என்றாள்.

"அவர் என் அப்பா."

என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அவள் பதறி மன்னிப்புக் கேட்டாள். கையை விடாமலே, "அந்த வருஷம் பிறகு நட்டாரா, இல்லையா?" என்றாள். மீகாங் டெல்டாவில் பிறந்தவள் அல்லவா, அவளுக்கு அதுதான் முக்கியம்.

நீ அதைக் கேட்டதே இல்லை. உன் கதை கால் கழுவியதோடு முடிந்துவிடும். நட்டார் என்றேன். வருஷாவருஷம் மதகடியில் அப்பாவோடு சண்டை போடும் மேல்வயல்காரர், பிந்தி விட்ட தன் நாற்றில் மிஞ்சியதைக் கட்டுக் கட்டாக எங்கள் வரப்பில் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வருஷமும் இருவரும் சண்டை போட்டார்கள். இதை உனக்கு நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதையும் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பாய்.

அவளுக்குச் சொல்லும்போது அணையையும் மாதத்தையும் குழப்பினேன். பாதியில் திரும்பிப் போய் மதகு என்றால் என்ன என்று விளக்கினேன். நீயாக இருந்தால் எங்கே நிறுத்தியிருப்பாய் என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டே இருந்தேன். இனிச் சாகும்வரை தேடுவேன் போலிருக்கிறது. இடம் அகப்படவில்லை. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.